இறங்காத விலையும் நடக்காத கிரயமும்

பொருளாதார மந்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வீடு, மனை விலை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டதா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இதற்குத் தரகர்களிடம் கிடைக்கும் விடை ஏறுகிற காலத்தில் "இனி இறங்காது" என்றும், தேங்குகிற காலத்தில் "இதற்குமேல் இறங்காது" என்றும் ஒரு சொல் மட்டுமே மாறி வரும் என்பது இப்பகுதியினர் அறிந்ததே. (இரண்டு விடைகளும் கொண்டு சேர்க்குமிடம் ஒன்று: அட்வான்ஸை இன்றே கொடுத்துவிட வேண்டும்.) விலை அடிமட்டத்தைத் தொட்டதா என்று கேட்பதற்கு முன்னால், அப்படித் தொட்டிருந்தால் அது எந்த ஏட்டில் பதிவாகியிருக்கும் என்று கேட்க வேண்டும், கொடுமுடி போன்ற ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு இந்த இரண்டாவது கேள்வியைத் தொடர்ந்து போனால், முதல் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது.

ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் அதனை மந்தநிலை என்று கொள்வது பொது வழக்கு. அந்த அளவுகோலின்படி, 2020ஆம் ஆண்டு ஊரடங்கை அடுத்து ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஏறத்தாழ 24 சதவீதமும், அதற்கடுத்த காலாண்டில் 7 சதவீதத்திற்கு மேலும் உற்பத்தி சுருங்கியதாக அப்போதைய மதிப்பீடுகள் காட்டியபோது இந்தியா மந்தநிலைக்குள் சென்றது. வீட்டு விலையின் அடிமட்டமோ இந்த நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்காவில் மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாக அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்டிருக்க, அங்கு வீட்டு விலை 2006லேயே உச்சத்தை எட்டிச் சரியத் தொடங்கி, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்து, 2012இன் தொடக்கத்தில்தான் அடிமட்டத்தைத் தொட்டது. மந்தம் முடிந்த பிறகும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் விலை தேங்கியும் சரிந்தும் கிடந்ததற்கு முதன்மையான காரணம், தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளைக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றி, வந்த விலைக்குச் சந்தையில் தள்ளியதாகும். உரிமையாளரின் விருப்பத்தைக் கேளாமல் நடக்கும் இத்தகைய விற்பனையைக் கட்டாய விற்பனை எனலாம். விலையை வெளிப்படையாகக் கீழே இழுத்துச் செல்லும் எந்திரம் அதுவே. கொங்கு நாட்டில் அந்த எந்திரம் மிகவும் மெலிந்த ஒன்று.

காவிரியின் மேற்குக் கரையில் மகுடேசுவரர் கோயிலையும், ஈரோட்டையும் கரூரையும் இணைக்கும் இருப்புப் பாதையில் ஒரு நிலையத்தையும் கொண்ட கொடுமுடிக்கு மந்தம் என்பது காலாண்டுப் புள்ளிவிவரமாக வந்து சேர்வதில்லை. சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் எள்ளுக்கும் விழும் ஏல விலையாகவும், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் குவிண்டால் விலையாகவும், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களின் வாரச் சம்பளமாகவும் அது வருகிறது. இந்த மூன்றும் ஒரே காலத்தில் நலிவது அரிது என்றாலும் 2011–12இல் அதற்கு நெருக்கமான ஒன்று நிகழ்ந்தது. நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று உத்தரவிட்டதால் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் தடுமாறியது. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைக் கடந்திருந்த மஞ்சள், 2012இல் அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே போனது. மின்வெட்டோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தொடர்ந்துகொண்டிருந்தது. (அந்த நொய்யல் காவிரியில் கலக்குமிடம் கொடுமுடிக்குச் சற்றுக் கீழேதான், சாயக் கழிவால் கெட்ட நிலத்தின் உழவர்களே அந்த வழக்கைக் கொண்டுசென்றவர்கள் என்பதால், இவ்வட்டாரத்தில் ஒருவரின் மந்தம் இன்னொருவரின் நியாயமாகவும் இருந்தது.) வருமானம் இவ்வாறு சுருங்கியிருந்த அதே 2012ஆம் ஆண்டின் ஏப்ரல் 1 அன்றுதான் தமிழக அரசு நிலங்களின் வழிகாட்டி மதிப்பைத் திருத்தி உயர்த்தியது.

வழிகாட்டி மதிப்பு என்பது ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பதிவுத்துறை குறித்து வைத்திருக்கும் விலை. கிரயப் பத்திரத்தில் அதற்குக் குறைவான தொகை எழுதப்பட்டிருந்தாலும் முத்திரைத் தீர்வையை இந்த மதிப்பின் அடிப்படையிலேயே கணக்கிடுவது பதிவு அலுவலக நடைமுறை. இதனால் பெரும்பாலான பத்திரங்களில், கைமாறிய தொகை எதுவாயினும், வழிகாட்டி மதிப்பை ஒட்டிய ஒரு தொகையே எழுதப்படுகிறது. 2017 ஜூன் 9 முதல் தமிழக அரசு இந்த மதிப்பை மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்ததோடு, கிரயத்திற்கான பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. முந்தைய மதிப்பை 100 என்று கொண்டால், 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 1 சதவீதக் கட்டணமும் சேர்ந்து 8 ரூபாய் செலுத்தியவர், புதிய மதிப்பான 67க்கு 11 சதவீதம் வீதம் 7 ரூபாய் 37 காசு செலுத்தினார்; அரசுக்கு வரவு பெரிதாகக் குறையவில்லை, வாங்குபவருக்குச் செலவும் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஏட்டில் மாத்திரம் தமிழ்நாட்டின் நிலமெல்லாம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிட்டது. பின்னர் 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டு, கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது வழக்காகி, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. பத்திரங்களில் உள்ள தொகையை மட்டும் வைத்து ஒருவர் வரைபடம் போட்டால், 2017க்கும் 2023க்கும் இடையில் மிகத் தெளிவான ஓர் அடிமட்டம் தென்படக்கூடும். அது சந்தை தொட்ட அடிமட்டமாக இராது, அரசாணை தொட்டதாக இருக்கும்.

சந்தை உண்மையிலேயே வழிகாட்டி மதிப்பிற்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பது இதனினும் சுவையான சிக்கல். குறைத்து எழுதப்பட்ட பத்திரத்தை முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின் கீழ் பதிவு அலுவலர் மதிப்பு நிர்ணயத்திற்கு அனுப்பலாம். வருமான வரிச் சட்டம், விற்றவர் பெற்ற தொகை குறைவாக இருந்தாலும் வழிகாட்டி மதிப்பையே அவர் பெற்றதாகக் கொண்டு மூலதன ஆதாய வரியைக் கணக்கிடச் சொல்கிறது. அதே சட்டம், மலிவாக வாங்கியவருக்குக் கிடைத்த வேறுபாட்டை அவருடைய வருமானமாகக் கொள்கிறது. 10 சதவீதம் வரையிலான வேறுபாட்டிற்கு விலக்கு உண்டு. அதற்குமேல் மலிவாக விற்றவரும் வாங்கியவரும், ஒருவர் கைக்கு வராத பணத்திற்கும் மற்றவர் செலவழிக்காத பணத்திற்கும், வரி கட்ட நேரிடும். இந்தச் சட்டங்கள் கறுப்புப் பணத்தைத் தடுக்க எழுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விலை இறங்குவதற்கான வாசலை அவை பாதி அடைத்துவிட்டன என்பதை அரசே ஒரு முறை ஒப்புக்கொண்டது. 2020 நவம்பர் 12 அன்று மத்திய நிதியமைச்சர் அறிவித்த சலுகையின்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள புதிய குடியிருப்புகளின் முதல் விற்பனைக்கு இந்த வரம்பு 2021 ஜூன் 30 வரை 20 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. அது கட்டுநர்களின் விற்காத அடுக்ககங்களுக்கானது. கொடுமுடியில் தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும் ஐந்து சென்ட் மனைக்கு அதனால் பயன் ஏதும் இருக்கவில்லை.

விலைக் குறியீடுகளையும் இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி நெடுங்காலம் வெளியிட்டுவந்த வீட்டு விலைக் குறியீடு பத்துப் பெருநகரங்களின் பதிவு அலுவலகத் தரவுகளின் மீது அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது சென்னை மட்டுமே. தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் என்னும் குறியீடு 50 நகரங்களைக் கொண்டது, கோவையும் அதில் உண்டு. ஆனால் அது கடன் கொடுக்கும் நிறுவனங்களின் மதிப்பீடுகளிலிருந்து திரட்டப்படுவதால், வங்கிக் கடன் இல்லாமல் நடக்கும் மனைக் கிரயங்கள் அதன் கண்ணில் படுவதில்லை. கோவை சரவணம்பட்டியின் அடுக்ககம் ஒன்றின் விலை ஏறியதா என்று கேட்பவருக்கு இவை ஓரளவு உதவும். கொடுமுடியின் ஊஞ்சலூர்ச் சாலையில் மனை வாங்க நினைப்பவருக்கு உதவா.

இனி, விற்பவர் ஏன் விலையை இறக்குவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். கொங்குச் சிற்றூர்களில் மனையாகவோ தோட்டமாகவோ நிலம் வைத்திருப்பவர்களில் பலர் கைப்பணத்தில் வாங்கியவர்கள், அல்லது பாகப்பிரிவினையில் பெற்றவர்கள். மாதத் தவணை இல்லை, காலியாகக் கிடக்கும் நிலத்திற்குக் கட்டும் வரி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை, ஆகையால் விற்காமல் இருப்பதற்குக் கைச்செலவென்று ஒன்றும் இல்லை. அதற்கு மேல், நிலத்தை விற்பது குடும்பம் நொடித்ததன் அடையாளமாகக் கருதப்படும் ஊரில், குறைந்த விலைக்கு விற்பது அதை ஊருக்கு அறிவித்ததாகவும் ஆகிவிடும். எனவே மந்த காலத்தில் அவர் செய்வது, தரகரிடம் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்புவது. விலை அதே இடத்தில் நிற்கிறது, கிரயம் நின்றுவிடுகிறது.

நிற்கும் விலை இறங்கும் விலையே என்பதை ஒரு கணக்கு காட்டும். சதுர அடி 1,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட மனை ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே 1,000 ரூபாய்க்குச் சொல்லப்படுவதாகவும், இடைப்பட்ட காலத்தில் பொது விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாகவும் கொண்டால், அந்த 1,000 ரூபாயின் வாங்கும் திறன் தொடக்க ஆண்டின் ஏறத்தாழ 710 ரூபாய்க்குச் சமமாகச் சுருங்கியிருக்கும். அதாவது அமெரிக்க வீட்டுக்காரர் ஆறு ஆண்டுகளில் பெயரளவில் இழந்த அதே நான்கில் ஒரு பங்கையும் அதற்கு மேலும், கொங்கு நாட்டு மனைக்காரர் ஒரு ரூபாயும் குறைக்காமலேயே இழந்திருப்பார். முன்னவர் தாம் இழந்ததை அறிவார்; பின்னவர் "நிலம் என்றைக்கும் கைவிடாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அடிமட்டம் எப்போது வந்தது என்று இங்கே எவரும் சுட்டிக்காட்ட முடியாமல் போவதற்கு இதுவே காரணம்: அது ஒரு நாளில் விழுந்த விலையாக இல்லாமல், பல ஆண்டுகள் நீண்ட ஒரு தேக்கமாக இருந்து கழிந்துவிடுகிறது.

அத்தகைய தேக்கம் ஒன்று 2016இல் மிகக் கூர்மையாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஏற்றத்தின் எரிபொருள் அக்ரிமெண்ட் வணிகம்: நில உரிமையாளருக்குச் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்துச் சில மாதக் கெடுவில் கிரய உடன்படிக்கை எழுதிக்கொள்பவர், கெடு முடிவதற்குள் அந்த உடன்படிக்கையையே கூடுதல் விலைக்கு இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார், அவர் மூன்றாமவருக்கு மாற்றுவார், நிலம் பத்திரமாவதற்குள் அதன் விலை பலமுறை ஏறியிருக்கும், அதில் வீடு கட்டும் எண்ணம் கொண்ட ஒருவர்கூட அதுவரை வந்திருக்கமாட்டார். 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆயின. 2017 மே மாதத்தில் மனை வரன்முறை விதிகளும், ஜூனில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை விதிகளும், ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சங்கிலியின் கடைசிக் கண்ணியாக மாட்டிக்கொண்டவர்கள் முன்பணத்தை இழந்தார்கள், அல்லது கடன் வாங்கிக் கிரயம் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் கொங்குச் சிற்றூர்களின் ஓரங்களில் மஞ்சள் வண்ணம் பூசிய மனைக் கற்களுக்கு நடுவே சீமைக் கருவேலம் வளர்ந்தது. விளம்பரப் பலகையில் எழுதிய விலையை யாரும் அழித்தெழுதவில்லை.

தரகர்கள் மறுபடியும் மறுபடியும் சொல்லும் "நிலத்திற்கென்று ஓர் அடி விலை உண்டு" என்ற கூற்றை இங்கே சோதித்துப் பார்ப்பது தகும். அடி விலை என்பது, விற்பனையே நடக்காவிட்டாலும் அந்தச் சொத்து ஈட்டித்தரும் வருமானம் தாங்கி நிற்கும் விலை. 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு மாதம் 12,000 ரூபாய் வாடகை தருமாயின் ஆண்டு வரவு 3 சதவீதத்திற்கும் குறைவு. அதே வீட்டை வாங்க 40 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். வாடகை அந்த விலையைத் தாங்கவில்லை. வெள்ளாமை தாங்குமா என்றால், காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் உள்ள ஓர் ஏக்கர் 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அதில் 20 குவிண்டால் மஞ்சள் விளைந்து குவிண்டால் 5,000 ரூபாய்க்குப் போனால் மொத்த வரவு 1 லட்சம். விதை, உரம், வெட்டுக் கூலி, வேகவைக்கும் கூலி போக மிஞ்சுவதை நிலத்தின் விலையோடு ஒப்பிடவே கூசும். குவிண்டால் 15,000 ரூபாய் ஆனாலும் செலவுக்கு முந்தைய வரவு 3 லட்சம்தான்.

எனினும் அந்த ஏக்கர் 40 லட்சத்திற்குச் சொல்லப்படுவது எதனால் என்றால், ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலம் சென்ட் கணக்கிற்கும், சென்ட் கணக்கில் பேசப்பட்டது சதுர அடிக் கணக்கிற்கும் மாறும் என்ற நம்பிக்கையால். ஏக்கர் 40 லட்சம் என்பது சென்ட் 40,000. ஒரு சென்ட் 435.6 சதுர அடி ஆகையால் சதுர அடிக்கு 92 ரூபாய். சாலைக்கும் பொது ஒதுக்கீட்டிற்கும் ஐந்தில் இரண்டு பங்கு போக எஞ்சும் சுமார் 26,000 சதுர அடியை 400 ரூபாய் வீதம் விற்றால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். ஆக, விலையைத் தாங்குவது வாடகையும் அன்று, விளைச்சலும் அன்று. இந்த மாற்றம் தம் காலத்திலேயே நடந்துவிடும் என்று உரிமையாளர் வைத்திருக்கும் பொறுமைதான். அந்தப் பொறுமைக்குச் சோறு போடுவது நிலத்திற்கு வெளியே உள்ள வரவு: மகனின் பனியன் கம்பெனிச் சம்பளம், கரூர் ஜவுளியில் உள்ள பங்கு, தேங்காய்க் காசு. மந்தம் அந்த வரவைத் தொடும்போது மட்டுமே நிலம் உண்மையில் விற்பனைக்கு வருகிறது. ஆகவே கொடுமுடியில் விலை அடிமட்டத்திற்கு வந்துவிட்டதா என்று அறிய விரும்புபவர், மனை விலையைக் கேட்பதைவிடத் திருப்பூரின் ஆர்டர் நிலவரத்தைக் கேட்பது பயனுடையது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா 50 சதவீதச் சுங்கவரி விதித்தபோது பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் மட்டுமல்லாது, அவர்களை நம்பி நிலம் வாங்கிப்போட்டிருந்தவர்களும் கலங்கியது காரணமில்லாமல் இல்லை.

அவ்வாறு விற்க வேண்டிய நிலை வந்த பின்னும் குறைப்பு விலையில் தெரிவதில்லை, நிபந்தனைகளில் தெரிகிறது. மூன்று மாதமாக இருந்த கெடு ஓராண்டாக நீள்கிறது. முத்திரைச் செலவில் பாதியை விற்பவர் ஏற்கிறார். கிணற்றில் பாத்தியமும் தென்னை மரங்களின் காய்ப்பும் அதே விலைக்குள் வந்து சேர்கின்றன. தரகுக்காரர் இரு தரப்பிலும் வாங்கிய கமிஷனை ஒரு தரப்போடு நிறுத்திக்கொள்கிறார். இவற்றையெல்லாம் பணமாக மாற்றிக் கழித்தால் ஒருவேளை பத்து சதவீதம் இறங்கியிருக்கும், ஆனால் ஊரில் பேசப்படும் விலை பழைய விலையே. பொறுமையுள்ள வாங்குநர் இந்த நிபந்தனைகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கூடவே, பதிவுத்துறை இணையதளத்தில் குறிப்பிட்ட புல எண்ணின் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்வையிட்டு, ஆண்டுக்கு எத்தனை கிரயம் நடந்தது, எத்தனை உடன்படிக்கைகள் ரத்தாயின என்று எண்ணிப் பார்க்கலாம். அதில் உள்ள தொகைகள் நம்பத்தக்கவை அல்ல என்று மேலே கண்டோம். எண்ணிக்கையும் தேதியும் நம்பத்தக்கவை. பல ஆண்டுகள் வெறுமையாக இருந்த புல எண்ணில் மறுபடியும் கிரயங்கள் விழத் தொடங்குவது, எந்த விலைப் பலகையையும்விட முந்திவரும் செய்தி.

வெளிப்படையாக இறங்கும் விலை ஒன்று உண்டென்றால் அது வங்கிகளின் ஏல அறிவிப்பில்தான் உள்ளது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன் திரும்பாத சொத்தை வங்கி நீதிமன்றத்திற்குப் போகாமலே ஏலத்திற்குக் கொண்டுவரலாம். குறைந்தபட்ச விலை நாளிதழில் அச்சிடப்படும். கேட்பார் இல்லையெனில் அடுத்த அறிவிப்பில் அதே கதவு எண்ணிற்கு அதைவிடக் குறைந்த விலை அச்சாகும். ஒரே வீட்டின் விலை இப்படிப் படிப்படியாக இறங்கி ஏதோ ஓர் இடத்தில் ஒருவர் கைநீட்டும் வரை போவதைக் கோவை, ஈரோட்டுப் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் தொடர்ந்து படிக்கலாம். பேரம், கௌரவம், வழிகாட்டி மதிப்பு ஆகிய எதுவும் மூடி மறைக்காத அடிமட்டம் அதுவே. ஆனால் அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை அதன் வரம்பிலிருந்து விலக்கியிருப்பதால், கொடுமுடி வட்டாரத்தின் பெரும்பகுதி நிலம் அந்தப் பக்கங்களில் ஒருபோதும் இடம்பெறப் போவதில்லை.